திறந்து கிடந்த குறிப்பேடு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சந்தைகளில் வணிகர்கள் வாய் திறந்து விலை பேசியதில்லை. விற்பவரும் வாங்குபவரும் கைகோத்துக்கொள்வர். கைகளின்மீது ஒரு துணி விழும். துணிக்குள்ளே விரல்களைப் பற்றியும் அழுத்தியும் தொகை கேட்கப்படும், மறுக்கப்படும், முடிவாகும். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். முத்தும் சங்கும் விற்று வளர்ந்த கீழக்கரைக்கு இது பழகிய வழக்கம். தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் இன்றும் அது உயிரோடிருக்கிறது. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் பறி என்று வழங்கியதைக் குழூஉக்குறி எனப் பெயரிட்டு நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டது. உரியவர் அன்றிப் பிறர் அறியாவண்ணம் ஒரு செய்தியைக் காப்பது நமக்குப் புதிய கலை அன்று.

அந்த ஊரில் பிறந்து, முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், துணியைப் போர்த்த மறந்துவிட்டேன். என் பழைய மேசைக் கணினியைத் தங்கை மகனின் படிப்புக்காகக் கொடுத்தேன். கொடுக்கும் முன் கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டதாகவே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அவன் தயங்கித் தயங்கி வந்து, மாமா இவையெல்லாம் உங்களுடையவைதாமே என்று ஒரு பட்டியலைக் காட்டினான். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை அவன் ஓட்டிப் பார்த்திருக்கிறான். பல ஆண்டுகளாக என்னிடம் பயின்ற மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள், சாதிச் சான்றிதழ்கள், பெற்றோரின் வருமான விவரங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கங்கள் என்று எல்லாம் எழுந்து வந்திருந்தன. பையன் நாணயமானவன். ஆனால் அந்தக் கணினி வேறொருவர் கைக்குப் போயிருந்தால்?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தக் கோப்புகளில் என் இரகசியம் என்று எதுவும் இல்லை என்பதே என்னை அலைக்கழித்தது. அவை அனைத்தும் என்னை நம்பிப் பிறர் தந்தவை. எங்கள் ஊரில் அதற்கு அமானிதம் என்று பெயர். அப்போது என் நினைவுக்கு வந்தவர், இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த ஓர் இந்திய வம்சாவளிப் பெண். அவர் பெயர் நூர் இனாயத் கான்.

நூர் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைவாணர். சூஃபி ஞானத்தை மேலைநாடுகளில் பரப்பியவர். தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கர். தந்தைவழியில் இக்குடும்பத்தின் வேர் மைசூர்ப் புலி திப்பு சுல்தான்வரை நீள்கிறது. இனாயத் கானின் தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ் பரோடாவில் இசைப்பள்ளி நிறுவிய மேதை. அவர் மணந்தது திப்புவின் வழித்தோன்றலை. ஆங்கிலேயருக்கு எதிராகப் போர்க்களத்தில் மாண்ட மன்னரின் வழிவந்த பெண், ஆங்கிலேயரின் சீருடை அணிந்து மற்றொரு கொடுமைக்கு எதிராக உயிர் தர நேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இலேயே குடும்பம் இலண்டனுக்கும், 1920-இல் பிரான்சுக்கும் குடிபெயர்ந்தது. பாரிஸ் நகரையொட்டிய சுரேன் என்னும் இடத்தில் அன்பர் ஒருவர் வழங்கிய வீட்டுக்கு ஃபஸல் மன்ஸில் என்று பெயரிட்டு வாழ்ந்தனர். இசையும் தியானமும் விருந்தினரும் நிறைந்த வீடு அது. ஆனால் 1927-இல் தாய்நாடு திரும்பிய இனாயத் கான் தில்லியில் காலமானார். நூருக்கு அப்போது வயது 13. துயரத்தில் ஒடுங்கிப்போன தாய்க்கும் தம்பியர் இருவருக்கும் தங்கைக்கும் அச்சிறுமியே ஆதாரமானாள்.

வளர்ந்து சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். நாடியா பூலாஞ்ஜே என்னும் புகழ்பெற்ற ஆசிரியையிடம் இசை கற்றார். வீணையும் யாழ்வகைக் கருவியான ஹார்ப்பும் வாசித்தார். சிறுவர்க்குக் கதை எழுதினார். அவை பாரிஸ் வானொலியிலும் ஒலித்தன. புத்தரின் முற்பிறப்புக் கதைகளான ஜாதகக் கதைகளில் இருபதை ஆங்கிலத்தில் மறுபடைப்புச் செய்து 1939-இல் நூலாக வெளியிட்டார். பிறர் பிழைப்பதற்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் விலங்குகளின் கதைகள் அவை.

1940 ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் படை பாரிஸுக்குள் நுழைந்தது. குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. அகிம்சையில் ஊறிய நூரும் தம்பி விலாயத்தும், நாஜிக் கொடுமையின் முன் ஒதுங்கி நிற்பது அறமாகாது என்று முடிவு செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் நூர் விமானப்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்திப் பயிற்சி பெற்றார். பதவி உயர்வுக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் முடிந்தபின் தாய்நாட்டின் விடுதலைக்குத் துணைநிற்பேன் என்று மறைக்காமல் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத பெண் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொன்ன குறிப்பு. அப்படிப்பட்டவரை 1943 பிப்ரவரியில் எஸ்.ஓ.இ. என்னும் இரகசியப் போர் நிறுவனம் தேர்ந்தெடுத்தது. எதிரி பிடித்த நாடுகளுக்குள் ஆள்களை இறக்கி, உள்ளூர் எதிர்ப்பாளர்களைத் திரட்டுவது அந்நிறுவனத்தின் பணி. பிரெஞ்சு தாய்மொழிபோல் தெரிந்த, தந்தியடிக்கத் தெரிந்த ஒருவர் அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டார்.

இங்கே மறைமொழியின் நுட்பத்தைச் சற்று விளக்கவேண்டும். ஏனெனில் இன்று நம் கணினியில் நடப்பதும் அடிப்படையில் அதுவே.

முகவர்கள் அனுப்பும் செய்தியை வானலையில் யாரும் கேட்கலாம், கேட்பவருக்குப் புரியக்கூடாது. அதற்கு எஸ்.ஓ.இ. பாட்டு மறைமுறை ஒன்றைக் கையாண்டது. முகவர் ஒரு பாட்டை மனப்பாடம் செய்துகொள்வார். செய்தி அனுப்பும்போது அதிலிருந்து ஐந்து சொற்களைத் தேர்வார். அச்சொற்களின் எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் இடுவார். அந்த எண்களின் கீழே செய்தியைக் கட்டம் கட்டமாக எழுதி, நெடுவரிசைகளை எண்ணின் வரிசைப்படி மாற்றி அடுக்குவார். அடுக்கியதை மீண்டும் ஒருமுறை அவ்வாறே கலைப்பார். முடிவில் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல். அந்த ஐந்து சொற்கள் எவை என்று அறிந்தவரால் மட்டுமே அதை மீண்டும் செய்தியாக்க முடியும். முறை எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம். சாவி ஒருவரிடம்தான் இருக்கும்.

கையில் எதையும் சுமக்கவேண்டாம் என்பது இம்முறையின் நன்மை. ஊரறிந்த பாட்டை வைத்தால் எதிரி ஊகித்துவிடுவான் என்பது தீமை. நம்மில் ஒருவர் திருக்குறளின் முதற்குறளைச் சாவியாக வைப்பதற்கு ஒப்பானது அது. சித்திரவதையில் பாட்டை வாய்விட்டால், அதுவரை அனுப்பிய செய்திகள் அனைத்தும் திறந்துகொள்ளும். நிறுவனத்தின் மறைமொழித் தலைவராக இருந்த இளைஞர் லியோ மார்க்ஸ் இதற்கு எதிராகப் போராடினார். எவரும் அறியாத புதுப் பாட்டுகளைத் தாமே எழுதித் தந்தார். பட்டுத்துணியில் சாவிகளை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்தி, வெட்டி எரித்துவிடும் முறையைக் கொண்டுவந்தார். நூருக்கு மறைமொழி குறித்து இறுதி அறிவுரை தந்தவரும் அவரே. ஜாதகக் கதைகளை வாங்கிப் படித்து, அக்கதைகளின் வழியாகவே நூரின் மனத்தை அவர் அணுகினார். 18 எழுத்துகள் கொண்ட சாவியை எப்போதும் பயன்படுத்தாதே. அப்படி ஒன்று வந்தால் நீ பிடிபட்டாய் என்று அறிந்துகொள்வேன் என்று இருவருக்குமான ஓர் ஏற்பாட்டையும் செய்ததாகத் தம் நினைவுநூலில் அவர் எழுதியிருக்கிறார்.

1943 ஜூன் 16 நள்ளிரவுக்குப் பின் லைசாண்டர் என்னும் சிறு விமானம் நூரைப் பிரான்சின் வயல்வெளி ஒன்றில் இறக்கியது. பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் அவர். புனைபெயர் மதலேன். தாதிப்பெண் ஒருத்தியின் பெயரில் போலி ஆவணங்கள். பயிற்சியை முழுமையாக முடிக்கும் முன்பே அவர் அனுப்பப்பட்டிருந்தார் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அவர் இறங்கிய பத்து நாள்களுக்குள் பெரும் இடி விழுந்தது. பாரிஸைச் சுற்றி இயங்கிய பிராஸ்பர் என்னும் பெருவலையின் தலைவரும் இயக்குநரும் உட்படப் பலர் அடுத்தடுத்துக் கைதாயினர். இலண்டன் நூரைத் திரும்பி வரச் சொன்னது. அவர் மறுத்தார். தானும் வந்துவிட்டால் பாரிஸிலிருந்து செய்தி சொல்ல யாரும் இல்லை என்பது அவர் வாதம். அடுத்த மாதங்களில் பாரிஸ் வட்டாரத்துக்கும் இலண்டனுக்கும் இடையே ஏறத்தாழ ஒரே இழையாக அவர் நின்றார். பெட்டிக்குள் அடங்கிய, 15 கிலோ அளவு எடையுள்ள வானொலிக் கருவியைச் சுமந்து வீடு வீடாக மாறினார். கூந்தலின் நிறத்தை மாற்றினார். இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்திலிருந்து அனுப்பினால் அலைதேடும் ஊர்திகள் வந்து சூழும். மெட்ரோ இரயிலில் இரு ஜெர்மானியர் பெட்டியில் என்ன என்று கேட்டபோது, திரைப்படக் கருவி என்று சொல்லித் தப்பினார் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பொய் சொல்லத் தெரியாத பெண் அதற்குள் அதையும் கற்றிருந்தார். இத்தகைய இயக்குநரின் ஆயுள் ஆறு வாரம் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். நூர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தாக்குப்பிடித்தார்.

அக்டோபர் நடுப்பகுதியில் அவரை யாரோ காட்டிக்கொடுத்தனர். கைது செய்ய வந்தவர்களோடு அவர் கடுமையாகப் போராடினார். பாரிஸின் ஃபோஷ் சாலை 84-ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஜெர்மானிய உளவுத்துறைத் தலைமையகத்துக்குக் கொண்டுபோனார்கள். போனதும் குளியலறைச் சன்னல் வழியே தப்ப முயன்றார். வாரக்கணக்கில் விசாரித்தும் அவரிடமிருந்து பயனுள்ள எதையும் பெற முடியவில்லை என்று விசாரித்தவர்களே போருக்குப்பின் ஒப்புக்கொண்டனர்.

ஆனால் அவரிடம் எதையும் பெறவேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. நூரின் அறையில் பள்ளிக்கூடத்துக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. வந்த நாள் முதல் அனுப்பிய, பெற்ற செய்திகள் அனைத்தும் அதில் இருந்தன. மறைமொழி ஒருபுறம், அதற்கு நேரே அதன் பொருள் வெளிப்படையாக மறுபுறம்.

அனுப்பிய செய்தியை உடனே அழிப்பது அத்தொழிலின் முதல் விதி. நூர் ஏன் அழிக்கவில்லை? செய்திகளை ஃபைல் செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும் என்ற பொருளில் அவருக்கு அளிக்கப்பட்ட ஆணையில் ஒரு வாசகம் இருந்தது. செய்தித்துறையினரின் வழக்கில் ஃபைல் செய்தல் என்றால் செய்தியை அனுப்புதல். அலுவலக வழக்கில் கோத்துப் பத்திரப்படுத்துதல். நூர் இரண்டாவது பொருளைக் கொண்டிருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கருதுகின்றனர். அவசரப் பயிற்சியும் இருபொருள்படும் ஒரு சொல்லும் சேர்ந்து செய்த விபரீதம் அது. வரிக்கு வரி கவனமாகப் பணியாற்றிய ஒரு பெண்ணின் கீழ்ப்படிதலே அவருக்கு எதிராயிற்று.

அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு ஜெர்மானியர் நூரின் நடையிலேயே செய்திகளை எழுதி, அவர் கருவி வழியாகவே இலண்டனுக்கு அனுப்பத் தொடங்கினர். எச்சரிக்கைகள் வராமல் இல்லை. பாரிஸிலிருந்த சோன்யா ஓல்ஷானெஸ்கி என்ற பெண் முகவர், மதலேன் பிடிபட்டார், அவர் பெயரில் வருவதை நம்பவேண்டாம் என்று செய்தி அனுப்பினார். சொன்னவர் யார் என்று தெரியாததால் இலண்டன் அதைப் புறக்கணித்தது. 18 எழுத்துச் சாவியோடு ஒரு செய்தி வந்ததாகவும், தாம் எச்சரித்ததாகவும் மார்க்ஸ் எழுதுகிறார். நூர் உயிரோடும் விடுதலையோடும் இருக்கிறார் என்று நம்ப விரும்பியவர்களுக்கு அந்த எண் கண்ணில் படவில்லை.

விளைவு கொடியது. 1944 பிப்ரவரி இறுதியில், மொரீசியஸ் நாட்டவரான ஃபிரான்ஸ் ஆந்தெல்ம், லயனல் லீ, மதலேன் தாமர்மான் ஆகிய மூவர் நூரின் பெயரில் குறித்த இடத்தில் வான்குடையில் இறங்கினர். கீழே காத்திருந்தவர்கள் ஜெர்மானியர். அவ்வாண்டின் தொடக்கத்தில் வேறு சிலரும் அவ்வாறே அகப்பட்டனர். வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை.

இதில் எதையும் நூர் அறியார். நவம்பர் 25 அன்று உடன்கைதிகள் இருவரோடு சேர்ந்து, கூரைச் சன்னலின் கம்பிகளைத் திருப்புளியால் தளர்த்தி, மாடிகளின் மேலேறித் தப்பினார். அந்நேரம் பார்த்து வான்தாக்குதல் சங்கு ஒலிக்க, காவலர்கள் அறைகளைச் சோதித்தனர்; மூவரும் பிடிபட்டனர். இனித் தப்பமாட்டேன் என்று எழுதித்தரக் கேட்டார்கள், மறுத்தார். இரு நாள்களில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் கையும் காலும் விலங்கிடப்பட்டுப் பத்து மாதங்கள் தனிமையில் கிடந்தார். உணவுக் கிண்ணத்தின் அடிப்புறத்தில் கீறிய எழுத்துகள் வழியாகவே அடுத்த அறைக் கைதிகள் அவரை அறிந்தனர். இரகசியச் செய்திகளின் இயக்குநர் கடைசியாக அனுப்பிய அஞ்சல் அதுவே.

1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் வதைமுகாமில் நூர் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 30. அன்று அவரோடு கொல்லப்பட்ட பெண்கள் மூவர்: யோலாந்த் பீக்மன், எலியான் பிளூமன், மதலேன் தாமர்மான். நூரின் பெயரில் வந்த பொய்ச்செய்தியை நம்பி வானிலிருந்து இறங்கிய அதே தாமர்மான் அவர். எதனால் தாம் அங்கு வந்து சேர்ந்தோம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரிட்டன் 1949-இல் நூருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது. பிரான்சும் தன் போர்ச்சிலுவையால் சிறப்பித்தது. 2006-இல் சிரபானி பாசு எழுதிய வரலாற்று நூல் இந்திய வாசகரிடம் அவரை மீட்டுத் தந்தது. இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் 2012 நவம்பரில் அவருக்குச் சிலை எழுந்தது. குறிப்பேட்டைக் காட்டி அவரைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை. பழி ஏதும் உண்டெனில் அது அரைகுறைப் பயிற்சி தந்து அனுப்பியவர்களையும், எச்சரிக்கையைக் கேளாதவர்களையும் சாரும். ஆயினும் அந்தக் குறிப்பேடு நமக்குச் சொல்வதைக் கேளாமல் இருப்பது நன்றன்று.

பொருளியலில் புறவிளைவு என்றொரு கருத்து உண்டு. ஒருவர் செய்யும் செயலின் நட்டம் அவரைச் சேராமல், அதில் தொடர்பற்ற மற்றொருவர் தலையில் விழுவதே அது. ஆலைக்காரர் ஆற்றில் கழிவை விடுகிறார். கீழே உள்ள உழவர் வருந்துகிறார். நட்டம் தம்மைச் சேராததால் ஆலைக்காரர் தம் செலவில் அதைத் தடுக்க முனைவதில்லை. பூட்டாத கோப்பும் இத்தகையதே. எனக்கென்ன இரகசியம் இருக்கிறது என்று கணினியைத் திறந்து போடுகிறோம். அதில் கிடப்பவையோ பிறருடைய வாழ்க்கைகள். கணக்காயரின் கணினியில் வாடிக்கையாளரின் வரிக் கணக்கு. மருத்துவரின் கணினியில் நோயாளியின் அறிக்கை. ஆசிரியரின் கணினியில் மாணவரின் குடும்பநிலை. கீழக்கரையில் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ உறவினர் இல்லாத வீடு அரிது. அவர்களின் கடவுச்சீட்டு, விசா, வங்கி விவரம், நிலப்பத்திரம் எல்லாம் இங்குள்ள ஏதோ ஒரு மடிக்கணினியில் படமாகக் கிடக்கின்றன. நம் அலட்சியத்தின் விலையைக் கடல் கடந்து உழைப்பவர் தருவார்.

என்கிரிப்ஷன் எனப்படும் மறையாக்கம் இதற்கான துணி. கணினியைத் திறக்க நாம் இடும் கடவுச்சொல் வாசற்கதவு மட்டுமே. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் உள்ளிருப்பவை அனைத்தும் படிக்கக் கிடைக்கும். மறையாக்கம் செய்த வன்தட்டில் இருப்பதோ சாவியின்றி எவருக்கும் பொருள்படாத எழுத்துக் குவியல். விண்டோஸின் தொழில்முறைப் பதிப்புகளில் பிட்லாக்கர், ஆப்பிள் கணினிகளில் ஃபைல்வால்ட் என்று இவ்வசதி உள்ளேயே இருக்கிறது. குறிப்பிட்ட கோப்புறைகளை மட்டும் பூட்டிவைக்க வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. இவற்றுக்கு அடிப்படையான ஏ.இ.எஸ். முறை 2001-இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. அதன் வழிமுறையை உலகமே அறியும். சாவி மட்டும் உங்களுடையது.

ஆனால் மறைமொழி நூரைக் கைவிடவில்லை. அதன் அருகில் கிடந்த தெளிமொழியே கைவிட்டது. நம் வீடுகளிலும் அப்படித்தான். கோப்புறையைப் பூட்டிவிட்டு, அதே கோப்பை மின்னஞ்சலிலும் பதிவிறக்கப் பெட்டியிலும் பென்டிரைவிலும் விட்டுவைக்கிறோம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஆதார் படத்தை அழிக்காமல் எழுந்து வருகிறோம். கடவுச்சொல்லைக் கணினியின் ஓரத்திலேயே ஒட்டிவைக்கிறோம். இவையே நம் குறிப்பேடுகள். சாதாரணமாக அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை என்பதை என் தங்கை மகன் எனக்குக் கற்பித்தான். தொடக்கத்திலேயே மறையாக்கம் செய்திருந்தால், கணினியைக் கைமாற்றும்போது சாவியை அழித்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

சாவி வலியதாக இருக்கவேண்டும். பிறந்தநாளும் பிள்ளையின் பெயரும் ஊரறிந்த பாட்டுகள். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களின் கோவை நினைவிலும் நிற்கும், ஊகத்துக்கும் எட்டாது. அதே நேரத்தில் இதற்கு ஒரு செலவும் உண்டு என்பதை மறைக்கலாகாது. சாவி தொலைந்தால் கோப்பும் தொலைந்ததே. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, நிலப்பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்து, துணைவரிடமோ பிள்ளையிடமோ சொல்லிவையுங்கள். முதியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய கணக்குகளைத் திறக்க முடியாமல் குடும்பம் தவிப்பதும் ஒரு நட்டமே.

மறையாக்கம் குற்றவாளிகளுக்கு உதவாதா என்று சிலர் கேட்பர். பூட்டும் அவர்களுக்கு உதவுகிறது. அதற்காக நாம் கதவைத் திறந்துவைத்து உறங்குவதில்லை. தேவை எழும்போது மறையாக்கத்தை நீக்கித்தர ஆணையிடும் அதிகாரத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு அரசுக்கு அளித்திருக்கிறது. மறுபுறம், பிறரின் தரவைக் கையாளும் அமைப்புகளுக்குக் கடமைகளை விதித்து 2023-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் நிறுவனங்களைக் கேட்கும். தனி மனிதரை அவர் மனச்சான்றே கேட்கவேண்டும்.

என் புதிய மடிக்கணினியில் தங்கை மகனே மறையாக்கத்தைச் செய்து தந்தான். அரைமணி நேரம்கூடப் பிடிக்கவில்லை என் பங்கு வேலை. மீதியைக் கணினியே பார்த்துக்கொண்டது. பழைய கணினியின் வன்தட்டை முழுதும் மேலெழுதித் துடைத்தோம். அதன்பின் என்னிடமிருந்த பென்டிரைவுகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றிலும் மாணவர்களின் சான்றிதழ்கள் இருந்தன. அவற்றைத் துடைத்து முடிக்கத்தான் இரண்டு நாள்கள் ஆயின.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)